ஆறரை மணிப் படம்

திருகோணமலைக்கு வடக்கே சல்லிக் கடற்கரையில் வாடைக்காற்று எப்படி வீசும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சுனாமிக்கு அடுத்த மாரியில், முத்துமாரி அம்மன் கோயிலடியில் நின்ற சேவல் ஒன்று கூவ வாயைத் திறந்தது. கூவல் அடுத்த ஊரான சாம்பல்தீவில் கேட்டது. சல்லியில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நம்பாதவர்கள் சாம்பல்தீவில் விசாரிக்கலாம்.

அப்படிப்பட்ட காற்றுக்குள்தான் இராசதுரை தன் குசினிக் கூரையில் ஒரு கமராவைக் கட்டினார்.

இராசதுரை சல்லி ஆளில்லை. திருகோணமலை ரவுணில் பிறந்து, நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி புஸ்பராணியின் சீதனக் காணியில் கடலைப் பார்த்த வீட்டில் இருந்தார். சிலருக்கு ஓய்வு பெற்ற பிறகு குடி வரும், சிலருக்குச் சீட்டு வரும். இவருக்கு வானிலை வந்தது. முற்றத்தில் புறாக்கூடு மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் வெப்பமானி. பக்கத்தில் மழை அளக்கிற தகரப் பேணி. காற்றின் வேகம் அறிய நாலு தேங்காய்ச் சிரட்டைகளைக் குறுக்குச் சட்டத்தில் பூட்டிச் சுழல விட்டிருந்தார். பெருங்காற்று நாட்களில் அந்தச் சிரட்டைகள் சுழன்ற சுழற்சியில் வீடு ஒரு முழம் மேலெழும்பி இறங்கும் என்று புஸ்பராணி சொல்வாள். நான் பார்த்தபோது ஒரு சாண்தான் எழும்பியது.

பக்கத்து வளவு புஸ்பராணியின் தம்பி பாக்கியரத்தினத்துடையது. கடற்றொழிலாளி. கடல் தருவதைப் பிடிப்பதும், விற்காததை வெட்டி உப்பிட்டுக் காய வைப்பதும் அவருக்கும் பெண்சாதி சீதேவிக்கும் வேலை. இரண்டு வளவுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி. இரண்டு வளவுக்கும் முன்னால், கடற்கரை ஓரமாக, பாக்கியத்தின் கருவாட்டுப் பரண் ஆளுயரக் கால்களில் நின்றது.

பகை தொடங்கியது கார்த்திகையில். அதிகாலையில் பெட்டியைத் திறந்து பார்த்த இராசதுரை, "இண்டைக்கு மழை இல்லை மச்சான், விரி," என்று கேட்காமலே சொன்னார். பாக்கியம் ஒரு வள்ளம் நெத்தலியை விரித்தார். வெயில் ஏறும் நேரத்தில் மழை வந்தது. வந்த மழை நனைத்ததோடு நிற்காமல் நெத்தலியைத் திரும்பக் கடலுக்கே கொண்டுபோய்விட்டது. சில நெத்தலிகள் உயிர் பெற்று நீந்திப் போனதாகவும் ஊரில் பேச்சு. நான் கண்டது இரண்டை மட்டும்.

"அத்தான், உங்கட பெட்டிக்குள்ள என்ன கிடக்கு? தேனீயோ?" பாக்கியம் வேலிக்கு மேலால் கேட்டார்.

"வெப்பமானி. அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்தது. முகிலை அது பாராது."

"அப்ப முகிலை ஆர் பார்க்கிறது?"

"கிழக்கால வாறதைப் பார்க்க ஒவ்வொருக்காலும் கூரையில ஏற எனக்கு ஏலாது. முழங்கால்."

"முழங்கால் ஏலாத மனுசன் பிறகென்னத்துக்கு வாயால ஏறினவர்? என்ர மிச்ச நெத்தலி நாறிக் கிடக்கு. அந்தப் பேணியில அள்ளிக் குடியுங்கோ."

"மரியாதையாக் கதை பாக்கியம். நான் உன்ர அக்கா புருசன்."

"அதாலதான் வேலிக்கு இஞ்சால நிக்கிறன். இல்லாட்டி அங்கால வந்திருப்பன்."

அன்றோடு பேச்சு அறுந்தது. புஸ்பராணி குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வேலிக்கு மேலால் போகும். சீதேவி புட்டு அவித்தால் ஒரு தட்டு வரும். ஆண்கள் இருவரும் தின்றுவிட்டு, யார் சமைத்தது என்று தெரியாதவர்கள் போல இருந்தார்கள்.

இராசதுரையின் நெஞ்சில் நெத்தலி முள் குத்திக்கொண்டே இருந்தது. கிழக்கு வானத்தைக் கூரையில் ஏறாமலே பார்க்க வேண்டும். ரவுணுக்குப் போய் முஹம்மது தம்பியின் கணினிக் கடையில் விசாரித்தார்.

"ஐயா, இது மேசையில வெச்சி வெளிநாட்டுப் புள்ளைகளோட முகம் பார்த்துக் கதைக்கிற சாமான்," என்றார் முஹம்மது தம்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் கமரா ஒன்றைக் காட்டி. "வெளியால வெச்சா ஒரு மழைக்குத் தாங்காது."

"வெளியில வைக்கிறது இல்லையோ?"

"அது பேங்க்காரன் வாங்குறது. உங்களுக்கு என்னத்துக்கு? கள்ளனைப் புடிக்கவா?"

"முகிலைப் பிடிக்க."

முஹம்மது தம்பி சிரிக்கவில்லை. "முகிலும் கள்ளன்தான். கொண்டு போங்க. நேவிக்காரன் கேட்டா மட்டும் எண்ட கடையில வாங்கினதெண்டு சொல்லிராதீங்க."

மலிவான கமராவை மழைக்குள் வாழப் பழக்குவது லேசான வேலையில்லை. இராசதுரை ஒரு துண்டு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டி, கமராவை அதற்குள் இறுக்கினார். முன்வாய்க்குப் பழைய டோர்ச்சின் கண்ணாடி. ஓரங்களுக்கு வள்ளத்துக்குப் பூசுகிற தார். கண்ணாடியில் மழை நேரே அடிக்காமல் பால்மாப் பேணித் தகட்டை நெற்றிக்கு மேல் வளைத்து ஒரு தாழ்வாரம். உள்ளே வேர்க்கிற நீர் வடியக் கீழே ஒரு சிறு துளை. மிச்ச ஈரத்தை உறிஞ்ச, சீலைத் துண்டில் முடிந்த வறுத்த அரிசி.

கமராவின் வயர் கட்டை. நீட்டினால் படம் வராது. கூரைக்குக் கிட்டிய இடம் குசினி. ஆகவே கணினி குசினிக்கு வந்து, அம்மிக்கும் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் நடுவே உட்கார்ந்தது.

"குசினிக்குள்ள கொம்பியூட்டர் வைச்ச மனுசன் இந்த இலங்கையில வேற ஆரும் இருக்கோ?" என்றாள் புஸ்பராணி.

"வயர் அவ்வளவுதான்."

"அரிசி வறுத்தது ஆருக்கு?"

"கமராவுக்கு."

"எனக்குப் பழஞ்சோறு, அதுக்கு வறுத்த அரிசி. நல்லது. இனி அதோடயே குடும்பம் நடத்துங்கோ. பிள்ளை பிறந்தா எனக்கும் சொல்லுங்கோ."

பத்து நிமிடத்துக்கு ஒரு படம் விழுந்தது. முதல் நாள், அரிசி மணத்துக்கு வந்த எறும்பு ஒன்று கண்ணாடியில் நடக்க, குச்சவெளிக் காட்டு யானை கடலில் இறங்கிவிட்டது என்று இராசதுரை சற்று நேரம் நம்பினார். பிறகு உப்புப் படிந்து கண்ணாடி மங்கியது. நல்ல தண்ணீரில் துடைத்தார். காற்று கமராவை ஆட்டியது. வள்ளம் கட்டும் கயிற்றால் இறுக்கினார். நாலைந்து நாளில் படம் தெளிந்தது. மேலே வானம், நடுவே கடல், கீழே பாக்கியத்தின் பரண்.

பரணைப் பார்க்கிறது என்பதை முதலில் கண்டவள் சீதேவி.

"அண்ணை, உது எங்கட கிணத்தடியைப் பார்க்குதோ?"

"இல்லைப் பிள்ளை, வானத்தை."

"வானத்தைப் பார்க்கிறதெண்டா ஏன் எங்கட பரணில முழிச்சுக்கொண்டு நிக்குது?"

"பரண் வானத்துக்கு முன்னால நிக்குது. நான் என்ன செய்ய?"

பாக்கியம் வள்ளத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், மனைவிக்குச் சொல்வது போல உரத்துச் சொன்னார்: "அவற்ற கண் ஒண்டே என்ர நெத்தலியைத் திண்டது. இப்ப ரெண்டாம் கண் வாங்கிக் கூரையில வைச்சிருக்கிறார். மிச்சக் கருவாட்டிலயும் புழு வைக்கட்டும்."

அந்த வாரம் கட்டா மீன் கருவாட்டில் புழு வைத்தது. மாரியில் எல்லோருடைய கருவாட்டிலும் புழு வைக்கும். ஆனால் எல்லோர் பரணையும் பார்த்து ஒரு கமரா நிற்கவில்லையே.

சல்லிக் கரையில் வேலிச் சண்டைக்கு ஒரு முறை உண்டு. முதலில் வாய். வாய் போதாவிட்டால் மண்ணை அள்ளித் தூற்றுவது. மண்ணும் போதாவிட்டால் எதிரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடுப்பில் கட்டிய சாரத்தைப் பின்னால் தூக்கிக் காட்டுவது. அதற்கு மேல் படி கிடையாது. ஒருமுறை காட்டினால் ஒரு தலைமுறைக்குக் காணும் என்பார்கள். பாக்கியம் அதைத் தினமும் செய்யத் தீர்மானித்தார்.

கரையைக் காவல் காத்த நேவி காலை ஆறரைக்குப் பிறகுதான் வள்ளங்களைக் கடலுக்கு விடும். அதுவரை கரையில் சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பாக்கியம் பரணில் ஏறுவார். சுனாமி நிவாரணமாக வந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை மூட்டிச் சாரமாகக் கட்டியிருந்தார். அந்த வருடம் சல்லியில் பாதி ஆண்கள் அதைத்தான் கட்டினார்கள். கமராவுக்கு முதுகும் கடலுக்கு முகமுமாக நின்று, இரண்டு கையாலும் துணியைப் பின்னால் வாரி, கொக்குச் சிறகடிப்பது போல இருபக்கமும் விரித்துத் தூக்குவார். கொஞ்ச நேரம் பிடிப்பார். இறக்குவார். படம் விழாமல் போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை தூக்குவார். பிறகு இறங்கித் தொழிலுக்குப் போவார்.

இராசதுரை முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கமராவை ஒரு சாண் திருப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். திருப்பினால் தோற்றதாகிவிடும். படத்தை அழித்திருக்கலாம், ஆனால் வானிலைப் பதிவில் இடைவெளி விழக்கூடாது. வெயில் நாட்களில் கறுத்த உருவம் மட்டும் தெரிந்தது. மூட்டமான நாட்களில், சிறுவயதில் திருக்கை முள் ஏறிய தழும்பு வரைக்கும் தெளிவு. அந்தப் படங்களை வைத்தும் அவர் முகிலைக் கணித்தார்: தெரிகிற அளவில் கிழக்கே முக்கால் மூட்டம், மிச்சம் மறைப்பு.

தை பிறந்தது. சமாதானம் கடதாசியில் இருந்தது, வெடிச்சத்தம் ரவுணில் இருந்தது. ஒரு மத்தியானம் நேவி ஜீப் இரண்டு வந்து பாக்கியத்தின் வாசல் படலையில் நின்றன. பாக்கியம் மீன் வெட்டி உப்புத் தடவிக்கொண்டிருந்தார். உப்புக் கையோடு எழுப்பினார்கள்.

"காலையில பரணில ஏறி வெள்ளைத் துணி காட்டுறாய். படகில இருந்து தூரக்கண்ணாடி வைச்சுப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். யாருக்கு சிக்னல்?" தமிழ் தெரிந்த நேவிக்காரன் கேட்டான்.

பாக்கியம் கூரையைப் பார்க்கவில்லை. "சாரம் காய வைச்சனான்," என்றார்.

"இடுப்பில கட்டிக்கொண்டா?"

"தேகப்பயிற்சி."

அடி விழுந்தது. "யாருக்குக் காட்டினது?"

"ஆருக்குமில்லை."

இராசதுரை குசினி யன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கணினித் திரையில் அன்றைய ஆறரை மணிப் படம் திறந்தபடி கிடந்தது. கடலைப் பார்த்த கமரா ஒன்று வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அவரையும் அதே ஜீப்பில் ஏற்றுவார்கள். பாக்கியத்தின் முகத்தைத் துணியால் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சீதேவி மண்ணில் விழுந்து கத்தினாள். புஸ்பராணி அழவில்லை. நேரே குசினிக்கு வந்தாள்.

"உங்களுக்கு என்னவோ தெரியும். யன்னலுக்குப் பின்னால ஆடு மாதிரி நிண்டனீங்கள். சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை; படங்களைக் காட்டினார். ஒன்று, இன்னொன்று, அடுத்தது. அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"இது தம்பிதான்."

"முகம் தெரியேல்லையே, எப்பிடிச் சொல்லுறாய்?"

"நான் குளிப்பாட்டி வளர்த்தனான். எனக்குச் சொல்லித் தாறீங்களோ? இதை எத்தினை நாளாப் பார்த்துக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"தொடங்கின நாளில இருந்து."

"சீ! அவன் காட்டினது ஒரு வெட்கம். நீங்கள் அடுக்கி வைச்சது பெரிய வெட்கம். தூக்குங்கோ இதை. நேவிக் காம்புக்குக் கொண்டு போங்கோ."

"கமரா வைச்சதுக்கு என்னையும் பிடிப்பாங்கள், புஸ்பம்."

"பிடிக்கட்டும். ரெண்டு பேரும் ஒரு கூட்டுக்குள்ள கிடந்து சண்டை பிடியுங்கோ. அவன் இல்லாமல் வந்து இந்தப் படலையில கை வைச்சீங்களெண்டா, கத்தியோட நிப்பன்."

மீன் வெட்டுகிற கத்தி அவள் கையில்தான் இருந்தது. இராசதுரை சைக்கிள் கரியரில் பாயை விரித்து, பெரிய திரையை அதில் கட்டி, கணினிப் பெட்டியைக் கூடையில் வைத்து உருட்டிக்கொண்டு போனார். எதிர்க்காற்று. சைக்கிளை இரண்டு தரம் திருப்பி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. கத்தியைக் கண்டு இரண்டு தரமும் திரும்பிப் போனார். சோதனைச் சாவடியில், "என்ன இது?" என்று கேட்டார்கள். "வானம்," என்றார். ஒருமணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

நேவி முகாமான அந்தக் காம்பின் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இராசதுரைக்குக் கந்தோர்ச் சிங்களம் நன்றாக வரும். அங்கே நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

அதிகாரி முதல் படத்தைப் பார்த்தார். முகில். இரண்டாவது, முகில். மூன்றாவது, முகில்.

"எதற்கு எனக்கு முகில் காட்டுகிறாய்?"

"அடுத்ததைப் பாருங்கள், மாத்தயா."

அதிகாரி பார்த்தார். கதிரையை முன்னுக்கு இழுத்து இன்னொரு முறை பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு நேவிக்காரர் அவசரமாக வெளியே போய்ச் சுவரைப் பரிசோதித்தார்கள்.

"யார் இது?"

"நீங்கள் பிடித்து வைத்திருக்கிற ஆள்."

"யாருக்குக் காட்டுகிறான்?"

"எனக்கு."

"நீ யார்?"

"அவனுடைய அக்காவின் புருஷன்."

அதிகாரி கதிரையில் சாய்ந்து முகட்டைப் பார்த்தார். அவருக்கும் அக்கா புருஷன் ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஆனால் சிரிக்கவில்லை. மற்றப் படங்களையும் திறக்கச் சொன்னார். நேவி கண்ட நாட்களும் படத்தின் நாட்களும் ஒன்றாக இருந்தன. பிறகு மேசையில் ஓங்கி அடித்தார்.

"கடல் தெரிகிறது! ஒரு படத்தில் என் படகு தெரிகிறது! யாரைக் கேட்டுக் கமரா வைத்தாய்?"

"மழை வருமா என்று பார்க்கத்தான்..."

"மழையா? எட்டு மாதம் உள்ளே இருந்து மழை பார்க்கிறாயா?"

இராசதுரை கைகட்டி நின்றார். பொழுது சாயும் வரை அப்படியே நிற்க வைத்தார்கள். பிறகு பாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தழும்பு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பொருந்தியது.

பாக்கியம் மற்றக் கண்ணால் திரையைக் கண்டார்.

"அத்தான், இதையெல்லாம் வைச்சிருக்கிறீங்களோ?"

"பதிவில இடைவெளி விடக்கூடாது."

"மானம் கெட்ட மனுசன்!"

"தூக்கினது நீ. நானோ தூக்கச் சொன்னனான்?"

"கதைக்காதே!" என்றார் அதிகாரி. அந்தச் சிங்களம் இருவருக்கும் விளங்கியது. முடிவைச் சொன்னார். இருவரும் போகலாம். கமரா இருக்கலாம். ஆனால் கடல் தெரியக்கூடாது, வானம் தெரியலாம், இவன் தெரிய வேண்டும். தினமும் ஆறரை மணிப் படத்தில் பாக்கியரத்தினம் நேரே முகம் காட்டி நிற்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை அந்தப் படங்கள் மட்டும் காம்புக்கு வர வேண்டும். ஒருநாள் முகம் இல்லையென்றால் இருவரையும் ஏற்றுவார்கள்.

இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கைபிடியில், ஒருவர் கரியரில் ஆடும் திரையைப் பிடித்துக்கொண்டு. சாம்பல்தீவுச் சந்தியிலிருந்து சல்லி வரைக்கும் ஏச்சுத்தான். படலை திறந்தது. புஸ்பராணி தம்பியின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவன் கன்னத்திலேயே ஒன்று போட்டாள். பிறகு குசினிக்குப் போய்ச் சுடுதண்ணி வைத்தாள்.

உப்புத் தண்ணியால் ஒத்தடம் கொடுத்தபடி சீதேவி கேட்டாள்: "அந்தக் கமராவை வைச்சது ஆரெண்டு முதலே சொல்லியிருந்தா இவ்வளவு அடி விழுந்திருக்குமோ? ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"சொல்லியிருந்தா அத்தானைப் பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள்," என்றார் பாக்கியம்.

இராசதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"பிறகு நான் ஆருக்குக் காட்டுறது?"

மறுநாள் பாக்கியமே பரணுக்கு அங்கால் உயரமாகக் கிடுகு கட்டிக் கடலை மறைத்தார். கட்டிக்கொண்டே, கூரையில் நின்று கோணம் சொன்ன இராசதுரையை ஏசினார். கமராவில் உப்புப் படிந்தாலும் இப்போது அவர்தான் ஏறித் துடைத்தார். முகம் மங்கலாக விழுந்தால் தன்னையும் ஏற்றுவார்களே. அரிசியும் அவரே மாற்றினார். "எறும்பு வாறது தெரியேல்லையோ? அரிசிக்குப் பதிலா உப்பைப் போடுங்கோ. கந்தோரில என்னத்தைப் படிச்சனீங்கள்?" என்று கூரையிலிருந்து கத்துவார். "உப்பு ஈரத்தில தண்ணியாப் போகும், முட்டாள்!" என்று கீழேயிருந்து பதில் போகும்.

ஆறரைக்குப் பாக்கியம் பரணில் ஏறி, கமராவைப் பார்த்து முகத்தைக் காட்டி நிற்பார். அந்த முகத்தைப் பார்க்க, பழைய படங்களே மேல் என்று புஸ்பராணி சொன்னாள். மற்ற வள்ளங்கள் இறங்கிவிடும். அவர் இறங்கமாட்டார். பத்து நிமிடம் நிற்பார். பிறகு திரும்பி, துணியை வாரித் தூக்குவார். முதலாவது நேவிக்கு, இரண்டாவது அத்தானுக்கு. கிடுகு மறைத்ததால் கடலில் ஒருவருக்கும் தெரியாது.

மாசியில் ஒருநாள், பரணடியில் கூடை கூடையாக நெத்தலி விரிக்கக் காத்திருந்தது. இரண்டாவது படம் விழுந்தவுடன் குசினி யன்னலால் இராசதுரையின் சத்தம் வந்தது.

"பாக்கியம்! உனக்குப் பக்கத்தில கறுத்துக் கிடக்கு. விரிக்காதை!"

பாக்கியம் தூக்கிய துணியோடு அப்படியே நின்றார். "எந்தப் பக்கம்?"

"வலக்கைப் பக்கம். கிடுகுக்கு மேல. மழை வரும்!"

பாக்கியம் துணியை இறக்கினார். வலப்பக்க வானத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வெடித்து ஆறிய உதட்டை நாக்கால் தடவினார். பிறகு யன்னலுக்குக் கேட்கக் கூடாது என்று மெல்லச் சொன்னார்: "சீதேவி, கூடையளை உள்ளுக்குத் தூக்கு. எனக்கு இண்டைக்கு இடுப்பு நோகுது."

அன்று முழுவதும் வெயில் எறித்தது. எறித்த வெயிலில் கோயிலடிச் சேவல் நின்றபடியே பொரிந்து போனதாகச் சொல்வார்கள். கூடைக்குள் கிடந்த நெத்தலி பின்னேரமே நாறத் தொடங்கியது.

மறுநாள் காலை பாக்கியம் ஆறரைக்குப் பரணில் ஏறினார். முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பித் துணியைத் தூக்கியவர் எட்டு மணி வரைக்கும் இறக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு படம். இராசதுரை ஒன்றையும் அழிக்கவில்லை.